அப்பாவின் ஹெரால்டு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ரிடையர் ஆகி என்னய்யா பண்றே?" என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். கார் ரிப்பேர் செய்கிறேன். ஒரே ஒரு கார்தான்.

அப்பா 1970-ல் நெல் விற்ற பணத்தில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மைக்கேலொட்டி என்ற இத்தாலியர் வரைந்த கார். 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அங்கே பக்கத்துக்கு ஒரு கதவுதான். நாலு கதவு வைத்தது நம் மதராஸ்காரர்கள்! 1993-ல் அப்பா போன பிறகு வண்டி வைக்கோல் கொட்டகையிலேயே நின்றது. 2016-ல் திறந்து பார்த்தால், வயரிங்கை எலி தின்று தீர்த்திருந்தது.

முதல் முட்டாள்தனம், ஆசைப்பட்டு முதலில் பெயிண்ட் அடித்தது. அப்புறம் அடியில் குனிந்து பார்த்தேன். சேஸிஸின் பக்கக் கைகள் துருப்பிடித்து, விரலால் குத்தினால் ஓட்டை. வெல்டிங் வைத்ததில் புதுப் பெயிண்ட் கருகிப்போச்சு. பத்து மாதச் சம்பாத்தியம்!

இரண்டாவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் மரை வெட்டியிருக்கும். ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் அது உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் திருகாணி மாதிரி அதற்குள் சுற்றும். "சார், அங்க மட்டும் கிரீஸ் வைக்காதீங்க, கியர் ஆயில் ஊத்துங்க" என்று மெக்கானிக் பாய் முதல் நாளே சொன்னார். பௌதிகம் படித்தவனுக்கு இவர் என்ன சொல்வது? கழற்றிக்கூடப் பார்க்காமல் எல்லா இடத்திலும் கிரீஸ் அடித்தேன். கெட்டியான கிரீஸ் மரைக்குள் இறங்காது. உள்ளே தண்ணீர் நின்று துரு தின்னும்.

2019 பொங்கலுக்கு மறுநாள். முன் சீட்டில் எண்பத்து நாலு வயது அம்மா. புது ஆற்றுக்கரையில் திரும்பினேன். 'டக்' என்றது. இடது சக்கரம் மடங்கிப் படுத்துவிட்டது. பத்து மைல் வேகம்தான் இருக்கும். பத்தடி தள்ளி ஆறு. அம்மா, "என்னடா, வீடு வந்துட்டுதா?" என்றாள். எனக்குக் கை நடுக்கம் அன்று இரவு வரை நிற்கவில்லை.

பாய் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, அதுதான் சுட்டது. மறுநாள் இருவரும் பஸ் ஏறிச் சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பழைய தண்டு ஒன்று வாங்கினோம். இப்போதெல்லாம் ஆயில்தான், அதையும் அவர் எதிரில்தான் ஊற்றுகிறேன்.

வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. டீ குடித்ததும் மூன்று மூன்று பேராக வாருங்கள், ஒரு சுற்று போகலாம். பின்கதவை மட்டும் மெதுவாகச் சாத்துங்கள், கைப்பிடி அப்பா காலத்தது.