மங்கினது மாமாவோட கண்ணா, வண்டியோட லைட்டா?

போன வாரம் லீவு போட்டுட்டு திருவண்ணாமலையில இருந்தேன். அதனால இந்த எபிசோட்ல கோடிங் கிடையாது. ஒரு ஹெட்லைட் கதைதான்.

எங்க மாமாகிட்ட ஒரு மினி லாரி இருக்கு. இருபது வருஷத்துக்கு மேல ஓடின வண்டி. செங்கம் பக்கத்துல காய்கறி லோடு ஏத்தி, விடியறதுக்குள்ள டவுனுக்கு வந்தாகணும். அதனால ஓட்டுறதே இருட்டுலதான். ரமணாசிரமத்தை ஒட்டி செங்கம் ரோட்டுல கொஞ்ச தூரம் கிரிவலப் பாதையும் அதேதான். பௌர்ணமி இல்லாத நாள்லயும் அந்த நேரத்துல ஆளுங்க வெறுங்காலோட நடந்துட்டு இருப்பாங்க. அங்க ஒரு பெரியவரை மாமா கடைசி நொடியிலதான் பார்த்திருக்கார். நல்லவேளை, பிரேக் பிடிச்சுது. ஆனா வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில மாட்டிட்டு, "கண்ணு மங்கிப்போச்சு மாப்ள, இனிமே நைட்டு வண்டி எடுக்கமாட்டேன்"னுட்டார். நைட்டு எடுக்கலன்னா அந்த வண்டிக்கு வேலையே இல்ல. விக்கிறதுக்கு ஆள் பார்க்கவும் ஆரம்பிச்சுட்டார்.

"லைட்டைப் பார்த்தீங்களா மாமா?"ன்னு கேட்டேன். பல்பை ரெண்டு தடவை மாத்தியாச்சாம். ஒரு கடையில 60/55 வாட்ஸை எடுத்துட்டு 100/90 போடலாம்னு சொன்னாங்களாம். நல்லவேளை போடல. வாட்ஸ் ஏறினா கரன்ட் ஏறும், பழைய வயரும் ஸ்விட்சும் இன்னும் சூடாகும், ஹோல்டர் உருகும். கரன்ட் ஏற ஏற வழியில வீணாகுற வோல்டேஜும் கூடும்.

ராத்திரி வண்டியைச் சுவத்துக்கு நேரா நிறுத்தி டிம் போட்டோம். வலது பக்கம் வெள்ளையா அடிச்சுது, இடது பக்கம் டீ கலர்ல இருந்துது. பானெட்டைக் கையால தட்டினா இடது பக்கம் இன்னும் மங்குது, அதே நேரம் டேஷ்போர்டுல பிரைட்டுக்கான நீல லைட் மினுக்குன்னு எரியுது. டிம் போட்டா பிரைட் இண்டிகேட்டர் ஏன் எரியணும்? எனக்கு அங்கதான் பொறி தட்டிச்சு.

அந்த பல்புல மூணு பின் இருக்கும்: டிம், பிரைட், ரெண்டுக்கும் பொதுவா ஒரு எர்த். அந்த எர்த் விட்டுப்போச்சுன்னா டிம் இழை வழியா வந்த கரன்ட் திரும்பிப் போக வழி தேடும். பக்கத்துல இருக்கிற பிரைட் இழைக்குள்ள பூந்து, பிரைட் வயர்ல பின்னாடியே ஓடி, அந்தப் பக்கத்து லைட்டோட எர்த்தைப் பிடிச்சு வெளிய போகும். போற வழியில நீல லைட்டையும் லேசா எரிய வைக்கும். நம்ம பாஷையில சொன்னா, எரர் மெசேஜ் ஒரு ஃபைல்ல, பக் வேற ஃபைல்ல.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்ல வச்சு, இன்ஜினை ஓடவிட்டு, லைட்டையும் எரிய விட்டேன். இது முக்கியம். லைட் அணைஞ்சிருந்தா கரன்ட் ஓடாது, கெட்ட வயர்கூட நல்ல பிள்ளையா 12 வோல்ட் காட்டும். பேட்டரியில 13.8 வந்துது. இடது பல்போட எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல 1.8. அங்க கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்கணும். வலது பக்கம் 0.1தான். இது போக, ஸ்விட்ச் வழியா வர்ற பக்கத்துல ரெண்டு லைட்டுக்கும் 1.1 வோல்ட் வீணாகுது. ஆக இடது பல்புக்குக் கிடைக்கிறது 10.9.

மூணு வோல்ட்தானேன்னு தோணும். ஹாலஜன் வெளிச்சம் வோல்டேஜோட ஏறக்குறைய 3.4-ஆவது அடுக்குல மாறும். கணக்கு போட்டா, வரவேண்டிய வெளிச்சத்துல பாதிகூட வரல! மாமா இத்தனை மாசம் ஒண்ணரை லைட்டுக்கும் குறைவா வச்சு ஓட்டியிருக்கார்.

எர்த் வயர் பாடியில சேர்ற போல்ட்டைக் கழட்டினா, அடியில துரு பிஸ்கட் மாதிரி உதிருது. பேட்டரி வயரை எடுத்துட்டு, உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளன்னு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, புது லக் போட்டு முறுக்கி, மேல கிரீஸ் தடவினோம். மறுபடி பார்த்தா 0.1. செலவு, ஒரு டீக்கும் கம்மி.

மீதி அந்த 1.1 வோல்ட்டுக்கு மறுநாள் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட ரெண்டு ரிலே போடச் சொன்னோம், டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு. பழைய வண்டியில மொத்த கரன்டும் ஸ்விட்ச் வழியாவே போகும். ரிலே வந்ததும் ஸ்விட்ச் உத்தரவு மட்டும் போடும், கரன்ட் பேட்டரியில இருந்து ஃபியூஸ் வழியா 30-ஆம் நம்பர் பின்னுக்கு வந்து 87 வழியா பல்புக்குப் போயிடும். ஃபியூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும். அதை மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. பெரிய லாரின்னா 24 வோல்ட், பல்பு, ரிலே எல்லாமே அதுக்கு ஏத்தது வாங்கணும்.

எல்இடி போட்டா வேலை முடிஞ்சுதேன்னு கமெண்ட் வரும், தெரியும். ஹாலஜனுக்குன்னு செஞ்ச ரிஃப்ளெக்டர்ல எல்இடி சொருகினா வெளிச்சம் சிதறி எதிர்ல வர்றவன் கண்ணைக் குத்தும். துரு அப்படியே இருக்கும்.

மாமா அன்னைக்கு ராத்திரியே செங்கம் வரைக்கும் ஒரு ரவுண்டு போனார், பக்கத்துல நான். போகும்போது ஒரு வார்த்தை பேசல. திரும்பி வரும்போது, "அந்த மைல்கல்லு எழுத்து தெரியுதுடா"ன்னார். கண் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போனேன். கண்ணாடி பவரும் கொஞ்சம் மாறியிருந்துது. அதையும் மாத்தியாச்சு. வண்டி கேட்டு வந்தவருக்கு நான்தான் போன் பண்ணி, இல்லன்னு சொன்னேன்.