பேர் வெட்டின செம்பு

(மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய ஓர் அரங்கில் பேசியது. பேச்சு நடை கூடியமட்டும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னை அறிமுகப்படுத்தின தோழர் ‘பழம்பொருள் சேகரிப்பாளர்’னு சொன்னார். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பேருக்கு ஒரு சாய்வு நாற்காலியும் ஒரு பெரிய வீடும் வேணும். என்கிட்ட இருக்கிறது ரெண்டு தகரப் பெட்டி, ஒரு சாக்கு, ஒரு நோட்டு. அதுல பாதியைத்தான் இந்த மேஜை மேல பரப்பி வச்சிருக்கேன்.

நான் இந்தத் தொழிலுக்குள்ள வந்தது சேகரிப்பாளனா இல்ல, சுமை தூக்குறவனா. காரைக்குடியில முனீஸ்வரன் கோயில் தெரு தெரியும்ல? வரிசையா பழம்பொருள் கடைங்க. வெளிநாட்டுக்காரன் வந்து இறங்கினா அங்கதான் போவான். 1980களில் செட்டிநாட்டு வீடுகள் ஒண்ணொண்ணா உடைஞ்சுக்கிட்டிருந்த காலம். பங்காளிகள் பெருகிட்டாங்க, வீட்டைப் பராமரிக்க முடியல, மொத்தமா உடைப்புக்கு விட்டுடுவாங்க. காண்ட்ராக்ட் எடுத்தவர் எங்களை மாதிரி பத்துப் பதினைஞ்சு பேரை லாரியில ஏத்திக்கிட்டுப் போவார். பர்மா தேக்குத் தூணு, நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம், ஐரோப்பாவிலிருந்து வந்த எனாமல் தூக்குவாளி. எல்லாத்தையும் அலுங்காம இறக்கணும். ஆத்தங்குடிக் கல்லு மட்டும் முழுசாப் பேர்த்தெடுக்கிறது பெரும்பாடு, பாதி உடைஞ்சிரும்.

ஒரு தேக்குத் தூணைத் தூக்க எட்டுப் பேர் வேணும். அதைத் தூக்கும்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இதை அங்க, பர்மாவுல, யார் தூக்கினான்? கப்பல்ல யார் ஏத்தினான்? செட்டிமாருக்கு பர்மாவுல எவ்வளவு செல்வாக்குன்னா, 1930களின் கடைசியில கீழ்ப் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல விளைநிலத்துல கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அவங்க கைக்கு வந்திருந்தது. விலை சரிஞ்சு கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளோட நிலம் அது. அந்த நெல்லுதான் இந்தத் தூணு. கடையில இதையெல்லாம் சொல்ல மாட்டாங்க. ‘பழைய பர்மா தேக்கு சார், வரலாறு உள்ளது’னு மட்டும் சொல்வாங்க.

பாத்திரங்களோட கதை வேற. அண்டா, குண்டான், தவலை, உருளி, கும்பா எல்லாம் எடைக்குப் போகும். பித்தளைக்குக் கிலோ இவ்வளவு, வெண்கலத்துக்கு இவ்வளவு. எடை போட்டு வாங்கினதுல நல்லதா நாலைப் பொறுக்கித் தனியா வச்சிட்டு, மீதியை உருக்க அனுப்பிருவார் முதலாளி. பொறுக்கினது பீசு கணக்கு. எடைக்கு வாங்கி பீசுக்கு விக்கிறது, அதுதான் மொத்த வியாபாரமும். எடைக்கும் பீசுக்கும் நடுவுல என்ன சேருது? ஒரு கதை சேருது, அவ்வளவுதான்.

கதையைப் போலியாவும் சேர்ப்பாங்க. புதுசா வார்த்த வெண்கலத்தைப் புளி, உப்பு, சாணி பூசி மண்ணுல புதைச்சு, ரெண்டு மழைக்கு அப்புறம் தோண்டினா பச்சை பிடிச்சிருக்கும். எதுவும் தெரியாத ஆளு ஏமாந்துருவான். தெரிஞ்ச ஆளு தேய்மானத்தைப் பார்ப்பான். நிஜமாப் புழங்கின சாமான் எல்லாப் பக்கமும் ஒண்ணுபோலத் தேயாது. கை படுற இடம் மழுங்கியிருக்கும். தரையில இழுபடுற ஓரம் மெலிஞ்சிருக்கும். கரண்டி உரசின பக்கத்துல ஈயம் போயிருக்கும். உரலோட குழியை விரலால தடவிப் பார்த்தா எந்தப் பக்கம் நின்னு குத்தினாங்கன்னு தெரியும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த முதலாளிதான், அதுக்கு நன்றி சொல்லணும். சேகரிக்கிறவங்க விரும்புறதே அந்தத் தேய்மானத்தைத்தான். பாலீஷ் போட்டா விலை குறைஞ்சிரும். ஆனா யாரோட கை தேய்ச்சதுன்னு ஒரு வாடிக்கையாளர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்ல. நம்ம ஆளுங்க அந்த வீட்டு அடுப்படிக்குள்ள போயிருக்க முடியாது. பின்கட்டுக்கு வெளியே, களத்துல, நெல் குத்துற இடத்துல நின்னிருப்பாங்க. தோட்டத்துல கிடந்த கல்லுரலை நாங்க நாலு பேர் லாரியில ஏத்தினப்போ அந்தக் குழியில என் உள்ளங்கை பொருந்தி நின்னுச்சு. அதுக்கு மேல அதைப் பத்திச் சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல.

இப்ப பேர் வெட்டுற விஷயம். நம்ம ஊர்ல பாத்திரத்துல பேர் வெட்டுற பழக்கம் உங்களுக்குத் தெரியும். உளியை வச்சுப் புள்ளி புள்ளியாத் தட்டி எழுத்து போடுவாங்க. செட்டி வீட்டுப் பாத்திரத்துல விலாசம் இருக்கும். தாத்தா பேரோட முதலெழுத்து, அப்பா பேரோட முதலெழுத்து, அப்புறம் பேரு. அது இருந்தா விலை கூடும், ஏன்னா எந்த வீட்டுச் சாமான்னு சொல்லி விக்கலாம்.

எங்க அப்பத்தா செத்தது 1987ல். அவ விட்டுட்டுப் போனது ஒரு பித்தளைச் செம்பு. இதோ இதுதான். இதுல அவ பேரு வெட்டியிருக்கு. அந்தப் பேரை மேடையில சொல்ல மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது, கிட்ட வந்து படிச்சுக்குங்க. அப்ப கையில காசில்ல. முதலாளிகிட்ட கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரைப் படிச்சார். படிச்சதும் தெரிஞ்சிருச்சு அது எந்தத் தெருப் பேருன்னு. “ஏப்பா, வேலைப்பாடு நல்லாத்தான் இருக்கு. பேரை ராவி எடுத்துட்டா பீசா வச்சுக்கலாம். இல்லேன்னா எடைதான்”னார். கோபமாச் சொல்லல, யோசனை மாதிரிதான் சொன்னார். நான் செம்பைத் துண்டுல சுத்திக்கிட்டு வந்துட்டேன். மறுநாள் வேலைக்குப் போனேன், போகாம இருக்க முடியாதே. ஆனா அன்னைக்குத்தான் நான் சேகரிக்க ஆரம்பிச்சதுன்னு வச்சுக்கலாம்.

இந்தச் செம்பு எப்படி வந்ததுன்னு அத்தைதான் சொன்னாங்க. தாத்தா ரங்கூனுக்குக் கூலியாப் போனவர். துறைமுகத்துல மூட்டை தூக்கினார். 1930 மே மாசம் ரங்கூன் துறைமுகத்துல இந்தியக் கூலிகளுக்கும் பர்மியக் கூலிகளுக்கும் நடுவுல பெரிய கலவரம். அதுக்கப்புறம் ஊர் திரும்பிட்டார். வரும்போது இந்தச் செம்பை வாங்கி, அங்கேயே அப்பத்தா பேரை வெட்டிக் கொண்டுவந்தார். ஊர்ல வெட்டச் சொன்னா எவன் வெட்டுவான்?

இப்ப வருஷத்தை ஞாபகம் வச்சுக்குங்க. அதே 1930, டிசம்பர் மாசம். அப்ப காரைக்குடியெல்லாம் இராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டத்துல ஆதிக்க சாதிக்காரங்க ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டாங்க. தங்கம், வெள்ளி போடக்கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. சட்டை போடக்கூடாது, கிராப் வெட்டக்கூடாது. பெண்கள் மேலே துணி போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை, செருப்பு கூடாது. அதுல ஒண்ணு, வீட்டுல மண்பாத்திரம் தவிர வேற பாத்திரம் புழங்கக்கூடாது. மீறினவங்க குடிசை எரிஞ்சது, தானியம் போச்சு, ஆடு மாடு கொள்ளை போச்சு. அடுத்த 1931 ஜூனில் தடை பதினொண்ணாச்சு. தண்ணி எடுக்க மண்குடம் மட்டும்தான், செம்பும் பித்தளையும் கூடாது. தலையில வைக்கிற சும்மாடு வைக்கோல்ல இருக்கணும், துணியில சுத்தக்கூடாது. பிள்ளைங்க படிக்கக்கூடாது. ஆம்பளைக்கு நாலணா, பொம்பளைக்கு ரெண்டணாக் கூலி. இதெல்லாம் வாய்க்கதை இல்ல தோழர்களே. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையரா இருந்த ஜே.எச். ஹட்டன் எழுதி 1946ல் வெளிவந்த ‘இந்தியாவில் சாதி’ங்கிற ஆங்கிலப் புத்தகத்துல இந்தப் பட்டியல் இருக்கு. வாங்கிப் படிங்க. நம்ம மாவட்டத்தோட கதைன்னும் நினைச்சுக்காதீங்க. 1935ல் அகமதாபாத் பக்கம் ஜானு கிராமத்துல உலோகக் குடத்துல தண்ணி எடுத்த தீண்டப்படாத பெண்களை அடிச்சதை அம்பேத்கர் 1936ல் ‘சாதி ஒழிப்பு’ உரையில எழுதியிருக்கார்.

அப்ப அப்பத்தா என்ன செஞ்சா? பகல்ல மண்குடம், வைக்கோல் சும்மாடு. செம்பைக் குதிருக்குள்ள தவிட்டுக்கு அடியில புதைச்சு வச்சா. ராத்திரி எடுத்து அதுல தண்ணி ஊத்திக் குடிப்பாளாம். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனா பேரு எங்க இருக்குன்னு தெரியும், கட்டைவிரலை அது மேல வச்சுத்தான் பிடிப்பா. நான் சின்ன வயசுல பார்த்திருக்கேன். எழுத்து அந்த இடத்துல மழுங்கியிருக்கு பாருங்க. அந்தக் கடைத்தெருவுல இருபது வருஷம் பழகினவன் சொல்றேன், இது போலித் தேய்மானம் இல்ல.

இந்தப் பக்கம் ஒரு நசுங்கல் இருக்கு. கிணத்துக் கல்லுல விழுந்ததுன்னு அத்தை சொல்றாங்க. இல்ல, அந்தக் காலத்துல ஒருநாள் எவனோ கம்பால அடிச்சதுன்னு சித்தப்பா சொல்றார். எனக்கு ரெண்டாவதைச் சொல்லத்தான் ஆசை, கூட்டத்துல எடுபடும். ஆனா ரெண்டையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன், யார் சொன்னது, எந்தத் தேதியில சொன்னதுங்கிறதோட.

இந்த நாட்டுச் சட்டத்துல தொல்பொருள்னா குறைஞ்சது நூறு வயசு ஆகியிருக்கணும். 1972ஆம் வருஷச் சட்டம். ஓலைச்சுவடி மாதிரி எழுத்துப் பிரதிகளுக்கு எழுபத்தைஞ்சு. தேக்குத் தூணு நூறு வருஷம் நிக்கும். வைக்கோல் சும்மாடு ஒரு மழைக்குத் தாங்குமா? நம்மை மண்ணையும் வைக்கோலையும் மட்டும் புழங்க வச்சவன், நம்மகிட்ட ‘பழைய சாமான்’ எதுவும் மிஞ்சாம இருக்கவும் சேர்த்தே ஏற்பாடு பண்ணிட்டான். அருங்காட்சியகத்துக்குப் போனா கும்பிட்ட சாமி இருக்கும், ஆண்ட வாள் இருக்கும். நாம ஏதோ அந்தக் காலத்துல இல்லவே இல்லாத மாதிரி இருக்கும். அதனாலதான் இந்தச் சும்மாடு. இது பழசு இல்ல, எங்க ஊர்ல ஒரு கிழவி எனக்காகச் சுத்திக்கொடுத்தது. எப்படிச் சுத்துறதுன்னு தெரிஞ்ச கடைசி ஆளு அவதான். இது பழம்பொருளா இல்லையான்னு நீங்க விவாதம் பண்ணிக்குங்க.

மரக்கால் ரெண்டு இருக்கு. பண்ணைக்கு நெல் அளந்து வாங்க ஒண்ணு, நமக்குக் கூலி அளந்து போட ஒண்ணுன்னு பெரியவங்க சொல்வாங்க. ஒண்ணை நிரப்பி இன்னொண்ணுல கொட்டிப் பார்த்தேன், ஒரு கைப்பிடி வழியுது. ஆனா ரெண்டும் வேற வேற ஊர்ல கிடைச்சது. ஊருக்கு ஊர் அளவு மாறும். அதனால இதை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. ஜோடி கிடைக்கிற வரைக்கும் பேசாம இருக்கேன்.

கடைசியா இந்தக் கண்ணாடி டம்ளர். எங்க பக்கத்து ஊர் டீக்கடையில நமக்குன்னு தனியா வெளியில கூரை எரவாணத்துல சொருகியிருந்தது. நாமே எடுக்கணும், குடிச்சிட்டு நாமே கழுவி அங்கேயே வைக்கணும். பிற்பாடு பிளாஸ்டிக் கப் வந்தது, எரவாணம் காலியாச்சு. கடைக்காரர்கிட்ட இதை அஞ்சு ரூபாய்க்குக் கேட்டு வாங்கினேன். பத்து வருஷம் கழிச்சு, “நம்ம கடையில அப்படி எதுவும் இருந்ததில்லையே தம்பி”ங்கிறார். அவரைச் சாட்சிக்கு நம்ப முடியாது. டம்ளரையும் நம்ப முடியாது, ஏன்னா இது எல்லா டம்ளரையும் போலத்தான் இருக்கு. நம்ம உதட்டுக்கும் மத்தவன் உதட்டுக்கும் கண்ணாடியில வேற வேற தேய்மானம் விழாது. அதனால இதுல குடிச்ச ஏழு பேர்கிட்ட கேட்டு எழுதி வாங்கினேன். மூணு பேர் இப்ப உயிரோட இல்ல.

இதைப் பார்த்துட்டு ஒரு தோழர் என்கிட்ட சண்டைக்கு வந்தார். “அவமானத்தைப் பெட்டியில வச்சுக் காப்பாத்துறீங்களே, உடைச்சுப் போட வேண்டியதுதானே”ன்னார். அவர் கேட்டதுல நியாயம் இருக்கு. பறையை எறிஞ்சவங்களும் இருக்காங்க, எடுத்து அடிக்கிறவங்களும் இருக்காங்க, ரெண்டு பேருமே நம்ம ஆளுங்கதான். அமெரிக்காவுல டேவிட் பில்கிரிம்னு ஒரு கறுப்பின சமூகவியலாளர். பன்னிரண்டு பதின்மூணு வயசுல, அலபாமாவுல மொபைல்ங்கிற ஊர்ல, கறுப்பரைக் கேலி பண்ணிச் செஞ்ச ஒரு சாமானைக் காசு கொடுத்து வாங்கி, அங்கேயே தரையில போட்டு உடைச்சார். பிற்பாடு அதே மாதிரி சாமான்களை ஆயிரக்கணக்குல தேடித் தேடி வாங்கினார். இன்னைக்கு மிச்சிகன் மாநிலத்துல ஃபெரிஸ் அரசுப் பல்கலைக்கழகத்துல அது ஒரு அருங்காட்சியகம். ‘ஜிம் க்ரோ’ அருங்காட்சியகம்னு பேரு. 2012ல் பெரிய இடத்துக்கு மாறுச்சு. உடைச்சதும் அவர்தான், சேர்த்ததும் அவர்தான். என்னால தோழருக்கு அதுக்கு மேல பதில் சொல்ல முடியல. அவர் இன்னும் ஒத்துக்கல. ஆனா போன மாசம் அவங்க அம்மா புழங்கின ஒரு பனையோலைக் கொட்டானைக் கொண்டுவந்து கொடுத்துட்டு, ஒண்ணும் சொல்லாமப் போனார்.

உங்ககிட்ட நான் கேக்கிறது சாமான் இல்ல. வீட்டுல கிழவன் கிழவி இருந்தா, பரண்ல என்ன இருக்குன்னு கேளுங்க. எது இல்லைன்னும் கேளுங்க, ஏன் இல்லைன்னும் கேளுங்க. யார் சொன்னாங்க, எந்த ஊரு, எந்த வருஷம்னு எழுதுங்க. எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி பேரு இருக்கான்னு பாருங்க.

டீ வந்திருச்சு போல. தோழர், அந்தக் கண்ணாடி டம்ளரை மட்டும் எடுத்து ஓரமா வச்சிருங்க. டீ டம்ளர்களோட கலந்துட்டா அப்புறம் எதுன்னு கண்டுபிடிக்க முடியாது.