ஆடாத மேசைக்குச் சாய்ந்த கால்
(கூட்டமைப்பு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



1989-ல் தர்மபுரியில் குழுக்கள் ஆரம்பிச்சதில் இருந்து இன்னிக்கு வரைக்கும் நம்ம கையை விட்டுப் போகாதது நோட்டுதான். பஞ்ச சூத்திரத்தில் ஒண்ணு கணக்கேடு. தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்பு-கடன் பேரேடு எல்லாத்தையும் தரையில் குனிஞ்சுதான் எழுதுறோம். முட்டி வலிக்காரங்க என்ன பண்ணுவாங்க? கை ஆடி 1 என்பது 7 ஆயிட்டா அடுத்த கூட்டத்துல சண்டை. பாங்கில் கடன் கேட்டாலும் இந்த நோட்டைத்தான் புரட்டிப் பார்க்கிறாங்க.

அதனால குழுவுக்கு ஒரு மேசை வேணும். பழைய கதவுப் பலகை போதும். நல்லா காஞ்ச மரம், இனி வளையாது. அதுக்கு அடியில் 3 அங்குலச் சட்டம் நாலைச் சேர்த்து, பலகையை அதோட ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கணும்.

கால்தான் விஷயம். நேரா நிறுத்தி ஆணி அடிச்சா சீக்கிரமே ஆடும். பஸ்ஸில் நிக்கும்போது காலைக் கொஞ்சம் அகட்டி வெச்சுக்கிறோம் இல்லையா, அதே கணக்குதான் மேசைக்கும்.

சாய்வை அளக்கக் கோலம் போடுற நமக்குக் கருவி வேண்டாம். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு நீளக் கோடு. அதுக்கு 28 அங்குலம் மேலே இன்னொரு கோடு. மேல்கோட்டில் ஒரு புள்ளி வைங்க. அதுக்கு நேர் கீழே இருந்து 5 அங்குலம் தள்ளிக் கீழ்க்கோட்டில் ஒரு புள்ளி. ரெண்டையும் சேர்த்தா அதுதான் கால், சுமார் 10 டிகிரி சாய்வு. அது மேல 2 அங்குலச் சதுரக் கட்டையை வெச்சு, ரெண்டு பக்கமும் தெரியுற கோட்டை ஸ்கேல் வெச்சு இணைச்சு, மேலும் கீழும் அறுங்க. முதல் காலை வெச்சே மத்த மூணையும் குறிக்கணும். ரெண்டாவதை வெச்சு மூணாவதுன்னு போனா வித்தியாசம் ஏறிக்கிட்டே போகும்.

சவுக்கு நம்ம பக்கம் மலிவுதான். ஆனா காயும்போது வெடிக்கும், காலுக்கு வேண்டாம்.

பலகை ஓரத்தில் இருந்து 6 அங்குலம் உள்ளே தள்ளி, நீளச் சட்டத்தின் உள்பக்கம் காலை வெளிப்பக்கமா சாய்ச்சு வெச்சு, காலுக்கு ரெண்டு போல்ட்டு போடுங்க. ஒண்ணுக்கு நேர் கீழே ஒண்ணு வேண்டாம், மரம் பிளக்கும். இப்படி வெச்சா காலடி பலகையைத் தாண்டாது, நடக்கிறவங்களுக்கும் தட்டாது.

சாய்ந்த கால், பாரம் ஏறினா வெளியே விரியப் பார்க்கும். அதனால பின்பக்கம் இடது காலையும் வலது காலையும் ஒரு சட்டத்தால இழுத்துப் பிடிக்கணும். முன்பக்கம் போட்டா முட்டி இடிக்கும். அந்தந்தப் பக்கத்து முன்கால் பின்காலுக்கும் ஒரு குறுக்குச் சட்டம்.

கடைசியில் ஒரு கால் தூக்கி நிக்கும். அதுக்கு அடியில் அட்டை மடிச்சு வெச்சு மேசையை நிலையா நிறுத்துங்க. சின்னக் கட்டை மேல பென்சிலைப் படுக்க வெச்சு, தரையோட நகர்த்தி நாலு காலிலும் கோடு போட்டு, அந்தக் கோட்டில் அறுத்துடுங்க.

ஒரு மாசம் கழிச்சு நட்டைத் திரும்ப முடுக்கணும், கால் மரம் காஞ்சு தளர்ந்திருக்கும். நோட்டை எடுத்து வெச்ச பிறகு பிள்ளைங்க அதுல படிக்கட்டும். மேல ஏறி உட்கார மட்டும் விடாதீங்க.