முழங்காலும் உபகாரச் சம்பளமும்
(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



பட்டாளத்திற் பணிபுரிந்து முழங்கால் கெட்டு ஊர் திரும்பினோர் நம் மரபினருட் சிலர் உளர். முதலில் எழுதப்பெற்ற ஊன அளவு பின்னர்க் குறைக்கப்பட்டால் அன்னோர் செய்யத்தக்கது யாது என்பதைக் குறித்தே இன்று பேசப் புகுந்தோம். 2023 செப்டம்பர் 21-க்குப் பின் விலகியோர்க்கு வேறு விதிகள் ஏற்பட்டிருத்தலின், அவற்றை இங்கே தொடவில்லை.

ஊனத்தின் பொருட்டுக் கிடைக்கும் உபகாரச் சம்பளத்துக்கு நூற்றுக்கு 20 என்பதே வாயிற்படி. தவணை முடிந்து விலகிய சிப்பாய்க்கு வைத்திய சபையார் 20 என்றெழுதின், அது 50 ஆக உயர்த்திக் கணக்கிடப்படும். ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10-இல் சுப்ரீம் கோர்ட்டு இச்சலுகையை அவர்கட்கும் உரியதாக்கிற்று. 19 என்றெழுதினாலோ ஒரு காசுமில்லை. முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு 30 என்பது கணக்கு. ஆகவே 40,000 ரூபாய் வாங்கியவனுக்கு அந்த ஓர் எண்ணின் பேதம் மாதம் 6,000 ரூபாயாகும்!

முழங்காலோ ஒரு நாளிருந்தபடி மறுநாள் இராது. சவ்வு கிழிந்த காலைப் பரிசோதனைக் கட்டிலில் மடக்கிப் பார்த்தால் செவ்வனே மடங்கும். அதே கால் மூட்டை சுமந்து படியிறங்கும்போது திடீரெனப் பிடித்துக்கொள்ளும். சவ்வின் உட்புறத்தில் இரத்தவோட்டமின்மையால் அங்குண்டான கிழிசல் தானே கூடுவது அரிது. வருஷம் செல்லச் செல்ல மூட்டுத் தேய்வதே வழக்கம். ஊர் வந்தவன் ஓட்டமும் அணிவகுப்பும் ஒழிந்தமையால் வலி சற்றுத் தணிந்திருப்பான். அதனைக் குணமென்று எழுதுதல் நியாயமாகாது. அது காலுக்குக் கிடைத்த ஓய்வேயன்றி வேறன்று.

குறைப்புக்கு ஆளானவன் முதலிற் பார்க்கவேண்டியது, தன் பழைய பத்திரத்தில் ஊனம் நிரந்தரம் என்றெழுதியுள்ளதா என்பதே. 2001 பிப்ரவரி 7-ஆந் தேதியிட்ட பாதுகாப்பு இலாகா உத்தரவின்படி, நிரந்தர ஊனத்தின் அளவு ஆயுள் முழுமைக்கும் முடிவானது; அவனே வேண்டினாலன்றி மறுபரிசோதனை இல்லை. நிரந்தரமல்லாததற்கும் ஒரே மறுபரிசோதனைதான். இவ்வொரு வரியைக் கவனியாமல் வலியை மட்டும் பக்கம் பக்கமாக வருணிக்கும் மனுவாற் பயன் சிறிது.

வைத்திய சபையின் நடவடிக்கைக் குறிப்பு கையிலில்லையெனில், 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி நகல் கேட்கலாம். பழைய குறிப்பையும் புதியதையும் அருகருகே வைத்து, எது மாறிற்று, அதற்குக் காரணம் கூறப்பட்டதா எனப் பார்க்க. பின்னர் எலும்பு வைத்திய நிபுணரிடம் படம் எடுப்பித்து, மடங்கும் கோணத்தோடு நடை, படி, குந்துதல் இவற்றில் உள்ள தடையையும் எழுதி வாங்குக. இவற்றை இணைத்து இலாகாவுக்கு மேல்முறையீடு செய்தல் வேண்டும். அது தள்ளுபடியானால், 2007-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகலாம். அதன் கிளையொன்று சென்னையிலேயே உளது. வைத்தியர் தீர்மானத்தில் நீதிபதிகள் எளிதிற் கைவைக்கார். ஆதலின் அங்கே, ‘எனக்கு 20 தருக’ என்பதோடு, ‘புதிய வைத்திய சபைமுன் என்னை அனுப்புக’ என்றும் வேண்டிக்கொள்வதே விவேகம்.

பத்திரங்களுடன் வந்திருப்போர் கூட்டம் கலைந்தபின் சற்றுத் தங்குக. உத்தரவு கைக்கு வந்த தேதியை முதலிற் பார்ப்போம்.