கதைக்கு உடையவர் யார்?

தோட்டங்களிலிருந்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் முன்வரிசைக்கு வரலாம். இடம் இருக்கிறது.

பூர்வகுடிக் கலைஞர்களும் மூதாதையர் கதைகளும் என்ற பொருளில் கருத்தரங்கு நடத்தப் பண்டார் பாருதானா கிடைத்தது என்று சிலர் கேட்டார்கள். கெடா, பினாங்கு, பேராக் மூன்றும் கிரியான் ஆற்றங்கரையில் முட்டிக்கொள்ளும் ஊர் இது. செம்பனையும் நெல்லும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் இதே மாநிலத்தில், வடகிழக்கே பாலிங் மாவட்டத்தின் லுபோக் லெகோங் கிராமத்தில் கென்சியு மக்கள் வாழ்கிறார்கள். கெடாவில் எஞ்சியிருக்கும் ஒராங் அஸ்லி என்னும் பூர்வகுடியினரின் குடியிருப்பு அது ஒன்றே. பாலிங் என்றதும் கம்யூனிஸ்டுகளுடன் நடந்த 1955இன் பேச்சுவார்த்தை நினைவுக்கு வருகிற அளவுக்கு இவர்கள் நமக்கு நினைவுக்கு வருவதில்லை.

மேல்நாட்டு ஆய்வாளர்கள் இவர்களைத் தேடி முன்பே வந்துவிட்டார்கள். 1899இல் கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவுடன் வந்த வால்டர் ஸ்கீட் கென்சியு மக்களை உள்ளடக்கிய செமாங் இனத்தவரிடம் கெடாவில் கேட்ட பாடல்களை எழுதி வைத்தார். பிளாக்டனுடன் சேர்ந்து 1906இல் அவர் வெளியிட்ட இரண்டு பெருந்தொகுதிகளில் அவை இருக்கின்றன. அதற்கும் முன்னால் வாகன் ஸ்டீவன்ஸ் என்றொருவர், செமாங் பெண்கள் தலையில் செருகும் மூங்கில் சீப்புகளைத் திரட்டிப் பெர்லினுக்கு அனுப்பினார். சீப்பில் கீறிய கோலம் ஒவ்வொன்றும் ஒரு நோயைத் தடுக்கும் காப்பு என்று நீண்ட விளக்கமும் எழுதினார். பின்வந்த ஆய்வாளர்கள் அந்த விளக்கத்தைப் பெரிதும் நம்பவில்லை. சீப்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, விளக்கம் நூலகத்தில் இருக்கிறது. சீப்பைக் கீறியவரின் பெயர் இரண்டிலும் இல்லை. இந்தத் துறையின் அடிப்படைக் குறையாக நான் கருதுவது இதைத்தான்.

பூர்வகுடிக் கலையில் கதை யாருடையது என்பது கதையின் ஒரு பகுதி. எவர் சொல்லலாம், எவர் வரையலாம், எவர் பார்க்கலாம் என்பதெல்லாம் கதையோடு சேர்த்தே அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது. அந்த உரிமையை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது அலங்காரம்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். 1971இல் நடுப்பாலைவனத்துப் பாப்புன்யா குடியிருப்புப் பள்ளிக்கு ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியர் வந்தார். பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்புக் கதையை வரைந்தார்கள். அடுத்த ஆண்டே பாப்புன்யா துலா என்ற ஓவியர் நிறுவனம் பிறந்தது. இதுவரை எல்லாரும் சொல்லும் வெற்றிக் கதை. ஆனால் தொடக்க காலப் பலகைகளில் சிலர், சடங்கில் தீட்சை பெற்ற ஆண்கள் மட்டும் காண வேண்டிய உருவங்களையும் வரைந்துவிட்டார்கள். மற்றக் குடியினர் கடுமையாக எதிர்த்தார்கள். அதன்பின் ஓவியர்கள் அவ்வுருவங்களை விலக்கினார்கள், புள்ளிகளால் மூடினார்கள். இன்று உலகச் சந்தையில் அழகென்று விலைபோகும் புள்ளிகளில் ஒரு பங்கு, பார்ப்பவருக்குக் காட்டக் கூடாததை மறைக்க வந்தது. மறைப்பதும் மரபைக் கைமாற்றும் வழிதான். எல்லாவற்றையும் பதிவு செய்துவிட வேண்டும் என்று துடிக்கும் நம் ஆய்வு மாணவர்கள் இதை ஒருமுறை யோசிக்கட்டும்.

ஜான் புலுன் புலுன் வழக்கு இன்னும் தெளிவானது. கனல்பிங்கு குடியைச் சேர்ந்த அவர் வரைந்த நீர்நிலை ஓவியத்தை அனுமதியின்றி அச்சிட்ட துணிகள் ஆஸ்திரேலியாவுக்குள் இறக்குமதியாயின. ஓவியருக்குப் பதிப்புரிமை உண்டு என்பதில் சிக்கல் இல்லை. குடிக்கு என்ன உரிமை என்பதுதான் கேள்வி. 1998இல் கூட்டரசு நீதிமன்றம் குடியைப் பதிப்புரிமையின் கூட்டு உடைமையாளராக ஏற்கவில்லை. ஆனால் சடங்கறிவை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஓவியர், குடியின் நலனைக் காக்கக் கடமைப்பட்டவர் என்றது. கலைஞன் கதையின் முதலாளி அல்லன், அதன் அறங்காவலன் என்பதை ஒரு நீதிமன்றம் தன் மொழியில் சொன்ன இடம் அது. அரைகுறைத் தீர்ப்புதான், ஆனாலும் பெரிய தீர்ப்பு.

அதற்கு முந்தைய ஆண்டு, பெரும் மணற்பாலைவனத்து மக்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கூடி, ஏறக்குறைய எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் துணியில் தங்கள் நிலத்தை வரைந்தார்கள். நுராரா ஓவியம் என்பார்கள். நிலவுரிமைத் தீர்ப்பாயத்தின் முன் அதை விரித்து, ஒவ்வொருவரும் தாம் வரைந்த நீரூற்றின் மேல் நின்று தம் மொழியில் சாட்சி சொன்னார்கள். 2007இல் அவர்களின் நிலவுரிமை ஏற்கப்பட்டது. பட்டா இல்லாதவரின் பட்டா அந்த ஓவியம்.

இந்தியாவில் இதற்கு வேறொரு முகம் உண்டு. மத்தியப் பிரதேசத்துப் பர்தான்கள், கோண்டு குடும்பங்களின் வம்சாவளியைப் பானா என்னும் நரம்புக் கருவியை மீட்டிப் பாடியவர்கள். கொடுத்துவந்த புரவலர்கள் குறைந்தபின் பாட்டு மெலிந்தது. 1980களின் தொடக்கத்தில் பாட்டன்கட் கிராமத்து இளைஞர் ஜங்கட் சிங் ஷியாமைப் போப்பாலின் பாரத் பவனுக்கு ஓவியர் ஜெ. சுவாமிநாதன் அழைத்து வந்தார். பாட்டில் இருந்த தெய்வங்கள் தாளுக்கு வந்தன. ஜங்கட் 2001இல் ஜப்பானில், ஓர் அருங்காட்சியகத்துக்காக வரையப் போன இடத்தில், உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் உறவினர் பஜ்ஜு ஷியாமும் மற்ற இரு கோண்டு ஓவியர்களும் வரைந்த மரங்களின் இரவு வாழ்க்கை பற்றிய நூலைச் சென்னையின் தாரா பதிப்பகம் கைத்தாளில் அச்சிட்டது. அட்டையில் ஓவியர்களின் பெயரே ஆசிரியர் பெயராக நிற்கிறது. சிறிய செய்தி போலத் தோன்றும். பெர்லின் சீப்புக்குக் கிடைக்காதது அதுதான்.

நம் நாட்டுக்கு வருகிறேன். சிலாங்கூரின் கேரித் தீவில் மா மெரி மக்கள் வாழ்கிறார்கள். மூதாதை ஆவிகளான மோயாங்குகளின் முகத்தைப் புலாய் மரத்தில் முகமூடியாகவும், சதுப்புநிலத்து ஞிரே மரத்தில் சிற்பமாகவும் செதுக்குகிறார்கள். ஹரி மோயாங் நாளில் அந்த முகங்களை அணிந்து ஆடுகிறார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கதை உண்டு. கேரித் தீவின் பெரும்பகுதி தோட்டம், அங்கே நம் தமிழர்கள் தலைமுறைகளாக வேலை செய்தார்கள். சதுப்புக்காடு சுருங்கச் சுருங்கச் செதுக்க மரம் கிடைப்பது அரிதாகிறது. மரம் போனால் முகம் போகும், முகம் போனால் கதை நிற்க இடமில்லை.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். காடழித்து ரப்பர் நட்ட முன்னோர் கதையை நாம் மேடைதோறும் சொல்கிறோம். சொல்லவும் வேண்டும், பாம்புக்கும் மலேரியாவுக்கும் பலியானவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் காடு ஆளில்லாக் காடாக இருந்ததா என்று நம் இலக்கியம் அதிகம் கேட்டதில்லை. காட்டை எடுத்துக்கொண்டவன் கங்காணியிடம் கடன்பட்ட கூலி அல்லன், துரைதான். அது உண்மை. அந்த உண்மை நம்மைக் கேள்வியிலிருந்து விடுவிக்காது. தோட்டத் துண்டாடலில் லயத்தையும் கோயிலையும் இழந்தவர்கள் நாம். 1960இல் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தோட்டங்களை வாங்க வேண்டியிருந்தது, அதன் முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். நிலம் போனால் என்னென்ன போகும் என்பதை இந்த அவைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தெமுவான் மக்கள் தங்கள் மரபு நிலத்துக்காக வழக்காடி 2002இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் வென்றபோது, நம்மில் எத்தனை பேர் அதை நம் செய்தியாகப் படித்தோம்?

இனி, கட்டுரை படிப்பவர்களுக்குத் தலைவர் என்ற முறையில் என் வேண்டுகோள். படம் காட்டும்போது வரைந்தவர், செதுக்கியவர் பெயரை முதலில் சொல்லுங்கள். கதையை யார் சொன்னார், வெளியே சொல்ல ஒப்புக்கொண்டாரா என்பதையும் சொல்லுங்கள். ஒப்புதல் இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் தாண்டிச் செல்லுங்கள், நேரம் மிச்சமாகும். உறுமி மேளம் பற்றியும் தோட்டத்து முனியாண்டி கோயில்கள் பற்றியும் எழுதியிருப்பவர்களுக்கும் இதே விதிதான். நம்முடையது என்பதால் விலக்கு இல்லை.

குழுவினருக்கும் ஒன்று. அடுத்த கருத்தரங்குக்குப் பாலிங்கிலிருந்து கென்சியு மக்களை அழையுங்கள். ஆடிக் காட்ட அல்ல, இந்த மேசையில் அமர்ந்து பேச. போக்குவரத்துச் செலவைப் பட்டியலில் முதல் வரியில் எழுதுங்கள்.

முதல் அமர்வைத் தொடங்கலாம்.