கூகுளின் விதியும் நம் அறமும்



இந்தக் கருத்தரங்கின் அழைப்பிதழில் 'வாசகர் பெருக்கமும் தேடுபொறி அறமும்' என்ற தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதில் அறம் எங்கே ஐயா வந்தது? கூகுள் சொன்னபடி செய்தால் மேலே வரும், இல்லாவிட்டால் கீழே போகும். அவ்வளவுதானே?" என்றார். எனக்கு வழக்கே அந்த 'அவ்வளவுதானே'வோடுதான். எஸ்.இ.ஓ. எனப்படும் தேடுபொறி உகப்பாக்கத் தொழிலில் இருப்பவர்கள் வெள்ளைத் தொப்பி, கறுப்புத் தொப்பி என்று பிரித்துப் பேசுவார்கள். கூகுள் வகுத்த விதிக்கு உட்பட்டால் வெள்ளை, மீறினால் கறுப்பு. ஒரு வணிக நிறுவனம் தன் வசதிக்கு எழுதிய வழிகாட்டுக் குறிப்பை நாம் தர்ம சாத்திரமாக்கிக் கும்பிடுகிறோம். அதில் நல்ல விதிகள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் ஓர் உத்தி நல்லதா கெட்டதா என்று தேடி வந்த ஆளை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. இந்த உரை முழுவதும் அதற்கான வாதம்தான்.

முதலில் இந்தத் தொழிலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். எஸ்.இ.ஓ. என்றாலே தில்லுமுல்லு என்று முகம் சுளிக்கும் தமிழறிஞர்கள் சிலர் இங்கேயும் இருக்கக்கூடும். தொண்ணூறுகளின் இறுதியில் தமிழ் இணையம் எப்படி இருந்தது என்பதை அவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளிதழுக்கும் ஒவ்வோர் எழுத்துரு. ஒரு தளத்தைப் படிக்க அதற்கென்றே ஃபாண்டை இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் திரையில் ரோமன் எழுத்தும் குறியீடுமாகக் குப்பை கொட்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்ற குறியேற்றங்களைக் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம் டிஸ்கி என்ற குறியேற்றம் இருந்தது. மனிதர் ஃபாண்டைப் போட்டுப் படித்துவிடலாம், தேடுபொறிக்கு அந்த வசதி இல்லை. அதன் கண்ணில் அந்தத் தளங்களில் தமிழே கிடையாது. பல ஆண்டு உழைப்பில் எழுதிய பக்கங்கள் இருந்தும் இல்லாதவை ஆயின. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-இலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. நம் தளங்கள் அதற்கு மாறத்தான் அத்தனை காலம் பிடித்தது. தமிழில் இதுவரை நடந்த எஸ்.இ.ஓ. பணிகளில் ஆகப் பெரியது யூனிகோடு மாற்றம்தான் என்பேன். அதைச் செய்தவர்களில் பலர் எஸ்.இ.ஓ. என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அந்த வேலை இன்னும் முடியவில்லை. பழைய சிற்றிதழ்களைப் படமாக வருடி பி.டி.எஃப். ஆக ஏற்றிவிட்டு, ஆவணப்படுத்திவிட்டோம் என்று நிம்மதி அடைகிறோம். உள்ளே இருக்கும் சொற்கள் பலவும் தேடலில் அகப்படுவதில்லை. கட்டுரையில் ஓர் இடத்தில் கோயில் என்றும் இன்னோர் இடத்தில் கோவில் என்றும் எழுதினால் எந்த ஆசிரியரும் சிவப்பு மையைத் தேடுவார். தேடுகிற மக்களோ இரண்டையும் தட்டுகிறார்கள், ரோமன் எழுத்திலும் தட்டுகிறார்கள். அவர்கள் கேட்கும் சொல்லில் தலைப்பு வைப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. படத்துக்கு விளக்க வரி எழுதினால் தேடுபொறிக்கும் உதவும், திரைவாசிப்பான் வைத்துக் கேட்கும் பார்வையற்ற வாசகருக்கும் உதவும். இதெல்லாம் கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது போன்ற நேர்மையான காரியம்.

இனி மீறல்களுக்கு வருகிறேன். 2006 பிப்ரவரியில் கூகுள் தன் தேடலிலிருந்து பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் தளத்தைச் சில நாள் நீக்கிவைத்தது. பழைய கார் என்பதற்கான ஜெர்மன் சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்கிய பக்கங்களைத் தேடுபொறிக்குக் காட்டிவிட்டு, வாசகரை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டது அந்தத் தளம் செய்த குற்றம். விதிப்படி கறுப்பிலும் கறுப்பு. ஆனால் பழைய கார் தேடியவருக்குக் கிடைத்தது என்ன? பி.எம்.டபிள்யூ. விற்கும் பழைய கார்! அவருக்குப் பெரிய நஷ்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதையே 2010-இல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்த மூக்குக் கண்ணாடிக் கடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புரூக்ளினில் இருந்து இணையத்தில் கண்ணாடி விற்றவர் அதன் உரிமையாளர். புகார் செய்த வாடிக்கையாளர்களை மிரட்டுவார், ஏசுவார். அவர்கள் புகார்த் தளங்களில் போய்க் கொதித்து எழுதினார்கள். எழுதும்போது கடைக்கு இணைப்பும் கொடுத்தார்கள். இணைப்பு கூடக்கூடக் கூகுளில் தன் கடை மேலே போகிறது, ஆகவே திட்டு விழுவது லாபம் என்று அந்த ஆள் வெளிப்படையாகவே சொன்னார். அந்த இணைப்புகளுக்கு அவர் காசு கொடுக்கவில்லை.  அன்றைய இணைப்பு விதிகளின்படி தொப்பி வெள்ளைதான்! செய்தி வந்த சில நாளில் கூகுள் தன் கணக்கீட்டை மாற்றியது. அந்த ஆள் பின்னர் மிரட்டல், மோசடிக் குற்றங்களுக்காகச் சிறைக்குப் போனார். விதி தூங்கிய இடத்தில்தான் வாசகர் அடிபட்டார்.

ஜே.சி. பென்னி விவகாரம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 2010 இறுதியின் பண்டிகை விற்பனைக் காலத்தில் உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்த அமெரிக்கக் கடையே முதலில் வந்தது. சாம்சோனைட் பயணப்பெட்டி என்று தேடினால்கூட சாம்சோனைட்டின் சொந்தத் தளத்துக்கு முன்னால் வந்து நின்றது. தோண்டிப் பார்த்தால், கடைக்குத் தொடர்பே இல்லாத சுமார் 2,000 பக்கங்களில் அதற்கு இணைப்பு நட்டிருந்தார்கள். குறட்டை பற்றிய தளத்தில் பெண்கள் உடைக்கு இணைப்பு, நாய் வளர்ப்புத் தளத்திலும் அதே! 2011 பிப்ரவரியில் கூகுள் கை வைத்ததும், மாலை 7 மணிக்கு முதலிடத்தில் இருந்த பயணப்பெட்டிப் பக்கம் இரண்டே மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்கு விழுந்தது. எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நிறுவனம் சொல்லி, அமர்த்தியிருந்த எஸ்.இ.ஓ. ஆலோசகர்களை வெளியே அனுப்பியது.

பெட்டி தேடியவருக்குப் பெட்டி கிடைத்தது. ஆனாலும் இது தவறு, ஏன் என்று ஆய்வாளர்களாகிய உங்களுக்கு நன்றாகவே புரியும். கூகுளின் நிறுவனர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் வகுத்த பேஜ்ரேங்க் என்ற தரவரிசை முறைக்கு மூலம் ஆய்வுலகின் மேற்கோள் வழக்கம். ஒருவர் இன்னொருவரைச் சுட்டினால் அது ஒரு சான்று, ஓர் ஓட்டு. காசு கொடுத்து மேற்கோள் வாங்கும் ஆய்விதழ்களைப் பற்றி இந்த அவையில் நான் விளக்கத் தேவையில்லை. ஓட்டு விலைபோனால், இனி உண்மையாகவே ஓட்டு வாங்கியவரின் பக்கமும் நம்பகம் இழக்கும்.

என்னை அதிகம் உறுத்துவது இவை எதுவும் அல்ல. ஒரு விதியையும் மீறாத தமிழ்ப் பக்கங்கள்தான். பிளஸ் டூ ரிசல்ட் எப்போது என்று ஒரு பிள்ளை தேடுகிறது. தலைப்பில் தேதியோடு கேள்வி, திறந்தால், ஆண்டுதோறும் எத்தனையோ மாணவர்கள் எழுதும் இந்தத் தேர்வு என்று ஒரு பத்தி, நடுவில் விளம்பரம், முடிவுகளை எங்கே பார்க்கலாம் என்று ஒரு பத்தி, கடைசி வரியில் "விரைவில் வெளியாகும் என எதிர்பார்க்கப்படுகிறது." சர்க்கரை நோய் பக்கம் இன்னும் மோசம். "மாத்திரை இல்லாமல் சர்க்கரையை விரட்டும் ஒரே இலை" என்று தலைப்பு. இலையின் பெயரே நான்காம் விளம்பரத்துக்குப் பிறகுதான் வரும். எழுதியவர் பெயர் இருக்காது, மருத்துவர் பார்த்த குறிப்பு இருக்காது. என்றோ எழுதியதன் தேதியை மட்டும் நேற்றைக்கு மாற்றியிருப்பார்கள். பக்கம் வேகமாகத் திறக்கும், மொபைலில் அழகாக உட்காரும், கீவேர்ட் எல்லாம் கச்சிதம். அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவருக்கு என்ன ஆகும் என்று தளத்தின் அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் சுவரில் ஓடும் பக்கப் பார்வைக் கணக்கில் அதற்குக் கட்டம் கிடையாது. 2018-இல் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் தமிழுக்கு வந்தபோது நாம் மகிழ்ந்தோம், மகிழ்ந்தது சரிதான். எழுதுபவருக்கு வருமானம் வேண்டும். அந்த வருமானம் எந்தப் பக்கத்தைத் தேடிப் போகிறது என்று கணக்குப் பார்க்க மறந்துவிட்டோம்.

விதி போடுபவர் சுத்தமா என்றால், அதற்கும் தீர்ப்புகள் இருக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி டாட் காம் நிறுவனமும் ஒரு நுகர்வோர் அமைப்பும் 2012-இல் தொடுத்த புகாரில், 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ. 135.86 கோடி அபராதம் விதித்தது. புகாரில் சொன்ன எல்லாமே நிலைக்கவில்லை. ஆனால் விமானப் பயணத் தேடலில் கூகுள் தன் சொந்தப் பெட்டியை முன்னே வைத்தது போன்றவை தவறென்று ஆணையம் கண்டது. கூகுள் தன் சொந்த ஷாப்பிங் சேவையைத் தேடலில் முன்னிறுத்திய வழக்கில் ஐரோப்பிய ஆணையம் 2017-இல் 242 கோடி யூரோ அபராதம் போட்டது. 2024-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வேடிக்கை என்னவென்றால், விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று தங்கள் 1998-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில் எச்சரித்தவர்கள் பேஜும் பிரின்னுமேதான்.

இப்போது தேடல் பக்கத்தின் உச்சியிலேயே இயந்திரம் தொகுத்த பதில் வந்துவிடுகிறது. கிளிக் குறைகிறது என்று தளம் நடத்துவோர் கவலைப்படுகிறார்கள், நியாயமான கவலை. அந்த இலை வைத்தியப் பக்கத்தை இயந்திரமும் படிக்கும் என்பது என் கவலை. வாசகருக்குச் சந்தேகம் எழுப்பக்கூடிய விளம்பர நெரிசலும் பெயரற்ற எழுத்தும் அந்தப் பதிலில் தெரியாது. இலை மட்டும் தெரியும்.

ஆகவே இந்த இரண்டு நாள் கருத்தரங்கில் உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பொதுவான நெறிக்கோவை ஒன்றை எழுதிக் கைதட்டிக் கலைய வேண்டாம். பிற்பகல் அமர்வில் மருத்துவம், தேர்வு முடிவு, அரசு நலத்திட்டம் ஆகிய மூன்று துறைகளில் மக்கள் தமிழில் தட்டும் தேடல் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் வரும் முடிவுகளைத் திறந்து, கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறதா, எத்தனையாவது பத்தியில் இருக்கிறது, யார் பொறுப்பேற்று எழுதியிருக்கிறார் என்று குறித்துவையுங்கள். உங்களில் தளம் நடத்துபவர்கள் தங்கள் தளத்தின் பக்கங்களையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நாளை காலை பேசுவோம். முதல் கட்டுரையாளரை இப்போது மேடைக்கு அழைக்கிறேன்.