ஆவண அமைப்பில் அட்டவணை



எழுத்து சேர்ந்து அசையாகும். அசை சேர்ந்து சீராகும். சீர் சேர்ந்து அடியாகும். அடி சேர்ந்து பாவாகும். யாப்பின் இம்முறையை அறிந்தோர்க்குக் கணிப்பொறியின் ஆவண அமைப்பு புதியதன்று. நூலுள் இயல், இயலுள் பத்தி, பத்தியுள் சொல் என ஒன்றனுள் ஒன்று அடங்கும் மரமாகவே பக்க அமைப்பு மென்பொருள்கள் நூலைக் கருதுகின்றன. அம்மரத்தில் ஒவ்வொரு கிளைக்கும் தாய்க்கிளை ஒன்றே.

இவ்வொழுங்கிற்கு எளிதில் அடங்காதது அட்டவணை. அதன் ஒவ்வொரு கட்டமும் தன் கிடைவரிசைக்கும் உரியது. தன் நெடுவரிசைக்கும் உரியது. மரமோ இரண்டனுள் ஒன்றையே தாயாக ஏற்கும். எதனை ஏற்பது, எதனை விடுவது என்பதே வடிவமைப்போர் முன் நின்ற வினா.

1970களில் பெல் ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் லெஸ்க் எழுதிய 'டிபிஎல்', அட்டவணையை முன்னதாகவே பக்க அமைப்புக் கட்டளைகளாக மாற்றி, 'ட்ராஃப்' என்னும் முதன்மை நிரலிடம் ஒப்படைத்தது. அட்டவணை என ஒன்று இருந்ததை முதன்மை நிரல் அறியாது. டொனால்டு நூத் 1977இல் தொடங்கிய 'டெக்', எழுத்து, வரி, பக்கம் அனைத்தையும் பெட்டிகளாகக் கண்டது. வரிசைகள் முழுவதையும் படித்தபின் நெடுவரிசைகளின் அகலத்தைக் கணித்தது. கணித்து முடித்ததும் வரிசைப் பெட்டிகளே எஞ்சின, நெடுவரிசை மறைந்தது. இணையப் பக்கங்களுக்கான 'எச்டிஎம்எல்' மொழியின் அட்டவணை வரையறை 1996இல் வெளியாயிற்று. அதில் அட்டவணையுள் வரிசையும் வரிசையுள் கட்டமும் அடங்கின. நெடுவரிசையின் அகலத்தைக் குறிக்க இடமுண்டு. கட்டங்களுக்குத் தாயாகும் உரிமை அதற்கில்லை.

கண்ணாற் காண்போர்க்கு இதனால் இடரில்லை. திரையிலுள்ளதைக் குரலாகக் கேட்டுப் படிக்கும் பார்வையற்ற மாணவரின் நிலை வேறு. மதிப்பெண் பட்டியலில் 'எழுபது' என்று கேட்கிறது. அது தமிழுக்கா, கணக்கிற்கா? விடை நெடுவரிசையின் தலைப்பில் உள்ளது. அவ்வுறவு எழுதப்படாவிடின் எழுபது வெறும் எண்ணே. 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0, எந்தக் கட்டத்திற்கு எது தலைப்பு என்று குறிக்கும் வழியை வகுத்தது. மரம் மாறவில்லை, விடுபட்ட உறவு பதிவாயிற்று.

இது கவிஞர்க்கும் உரிய செய்தி. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் ஒன்று சருப்பதோபத்திரம். எட்டெழுத்து அடிகள் நான்கினை 64 கட்டங்களில் நிரப்பினால், கிடையாகவும் நெடுகவும் அப்பாடலே வரும். அதனைக் கட்டமின்றி நான்கு வரிகளாக அச்சிட்டால் ஓரெழுத்தும் குறையாது. ஆயினும் அணி புலப்படாது. எதுகையும் அடிகளைக் கடந்து மேலிருந்து கீழாகச் செல்லும் உறவன்றோ?

பழம்பாடல்களைக் கணிப்பொறியில் ஏற்றுவோர் எழுத்தைப் பிழையறப் பதிப்பதுடன் அமைதல் ஆகாது. எழுத்திற்கும் எழுத்திற்கும் இடையிலுள்ள உறவையும் பதிதல் வேண்டும். இன்று எழுதாது விட்ட உறவைப் பின்வரும் வாசகர் ஊகித்தே அறிய நேரும்.